அரை ராத்தல் வழக்கு

பசியும் அரசும்: வரலாற்றுத் தொடர் – 9

1877ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், சென்னை மாகாணத்தில் இரண்டு வெள்ளை அதிகாரிகள் ஒருவரையொருவர் மறுத்துப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சர் ரிச்சர்ட் டெம்பிள்; வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பிவைத்த பஞ்சத் தூதர். மற்றவர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், மாகாணத்தின் சுகாதார ஆணையர். பஞ்ச வேலைக்கு வந்து கல் உடைக்கிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்றார் டெம்பிள். ஒன்றரை ராத்தலாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார் கார்னிஷ். இருவருக்கும் இடையே கிடந்தது அரை ராத்தல். இன்றைய அளவில் கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு.

எத்தனையோ பெரிய சொற்களால் இந்த வழக்கைப் பின்னால் மூடிவிட்டார்கள். கருவூலத்தின் நலம், மக்களின் ஒழுக்கம், பொருளாதார விதி என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். என்னைப் பொறுத்தவரை இதை அரை ராத்தலாகவே வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை. உதவி கேட்டு வருகிறவன் உழைத்துக் காட்ட வேண்டுமா? எவ்வளவு உழைத்துக் காட்டினால் அவன் பசி உண்மை என்று அரசு நம்பும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் தாது வருஷத்தில் நம் ஊர்களில் கிடைத்த விடையைத்தான் இந்தப் பகுதியில் பார்க்கப்போகிறோம்.

இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்தைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். நாசோ சீனியரும் எட்வின் சாட்விக்கும் வகுத்த அடிப்படை நினைவிருக்கலாம். அரசின் உதவியில் வாழ்கிறவனுடைய நிலை, சொந்த உழைப்பில் வாழும் மிக எளிய கூலிக்காரனின் நிலையைவிடக் கீழாக இருக்க வேண்டும். அப்போதுதான் வேறு வழியே இல்லாதவன் மட்டும் வருவான் என்பது அவர்கள் கணக்கு. உதவியைக் கசப்பாக்கிவிட்டால் ஒவ்வொருவர் வீட்டையும் போய் விசாரிக்க வேண்டாம்; கசப்பே ஆளைப் பிரித்துக் காட்டிவிடும். உழைப்பு விடுதி என்ற கட்டடம் எழுந்தது இந்தக் கணக்கின் மேல்தான்.

அந்தக் கணக்கு கப்பலேறி இந்தியாவுக்கு வந்த வழியும் தெளிவானது. கம்பெனியின் சிவில் அதிகாரிகள் பயிற்சி பெற்ற ஹெய்லிபரி கல்லூரியில் 1805 முதல் தாம் இறந்த 1834 வரை பொருளாதாரம் கற்பித்தவர் தாமஸ் மால்தஸ். மக்கள்தொகை உணவை மிஞ்சும்போது பஞ்சமும் நோயும் அதைக் குறைக்கும் என்று எழுதிய அதே மால்தஸ். டெம்பிள் அந்தக் கல்லூரியில் படித்தது மால்தஸ் காலமான பிறகு. பாடம் மட்டும் மாறவில்லை. தானிய வணிகத்தில் அரசு கை வைக்கக் கூடாது, இலவச உதவி மனிதனைக் கெடுக்கும் என்ற இரண்டு நம்பிக்கைகளோடு ஒரு தலைமுறை அதிகாரிகள் இந்தியாவில் இறங்கினார்கள்.

தாது வருஷம் தமிழ்க் கணக்கில் 1876 ஏப்ரலில் பிறந்தது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்ய வேண்டிய வடகிழக்குப் பருவமும் கைவிட்டது. முதலில் அடிபட்டவை பெல்லாரி, கர்னூல், கடப்பை போன்ற வறண்ட மாவட்டங்கள்; பிறகு வட ஆர்க்காடு, சேலம், கோயம்புத்தூர், மதுரை என்று பஞ்சம் தெற்கே இறங்கியது. தானிய விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. சந்தையில் தானியமே இல்லை என்று சொல்ல முடியாது. ரயிலிலும் கப்பலிலும் வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. வாங்கக் காசில்லை. விதைப்பு நின்றதும் கூலியாளுக்கு வேலை நின்றது. சேலை வாங்குவார் இல்லாமல் நெசவாளியின் தறி நின்றது. பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் இந்த இரு சாராரும்தான்.

சென்னை அரசு அப்போது செய்தது ஓரளவு சரி என்றே சொல்வேன். கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் தலைமையிலான அரசு, ஊர்ப்பக்கமாகவே நிவாரண வேலைகளைத் திறந்தது. சாலைக்கு மண் போடுவது, ஏரியைத் தூர் எடுப்பது, ஜல்லி உடைப்பது போன்ற வேலைகள். மேற்பார்வை தளர்வாக இருந்தது, வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். அதோடு அரசு ஆர்பத்நாட் கம்பெனி மூலம் 30,000 டன் தானியத்தை இரகசியமாக வாங்கவும் செய்தது. வெளியே தெரிந்தால் வணிகர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்ற கவலையில்தான் இந்த இரகசியம். கல்கத்தாவுக்குத் தெரிந்ததும் கடும் கண்டனம் வந்தது. தனியார் வணிகத்தில் அரசு தலையிட்டது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது.

அதே நேரத்தில் தில்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பாருக்குப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. 1877 ஜனவரி 1 அன்று அது நடந்தது. பஞ்சம் பரவிக்கொண்டிருக்கும் மாகாணத்தை விட்டு பக்கிங்ஹாம் அதற்குப் போயாக வேண்டியிருந்தது. தர்பார் முடிந்த கையோடு தெற்கே புறப்பட்டார் டெம்பிள். செலவைக் கட்டுக்குள் கொண்டுவரவே அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

டெம்பிளைப் புரிந்துகொள்ள மூன்று ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் டன் அரிசி தருவித்து ஊர் ஊராக விநியோகித்தவர் இதே டெம்பிள்தான். உடம்பை வதைக்கும் தேர்வு எதையும் அவர் வைக்கவில்லை. கூலியையும் தாராளமாகக் கொடுத்தார். பட்டினிச் சாவு மிக மிகக் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியா கண்ட பஞ்ச நிவாரணங்களில் உயிரைக் காப்பதில் உண்மையாகவே வென்றது அது ஒன்றுதான். கிடைத்த பரிசு? லண்டனிலும் கல்கத்தாவிலும் ஊதாரி என்று பெயர். தங்களை உயிரோடு வைத்திருப்பது அரசின் கடமை என்று இந்தியர்கள் நினைக்கும்படி பழக்கிவிட்டார் என்று லண்டனின் 'எக்கனாமிஸ்ட்' இதழ் குறைப்பட்டது. அந்தக் கறையைத் துடைக்க டெம்பிளுக்கு ஒரு வாய்ப்பு தேவைப்பட்டது. அவருக்கு அது நம் மாகாணத்தில் கிடைத்தது. ஒருமுறை சரியானதைச் செய்து அதற்காக அவமானப்பட்ட மனிதன் மறுமுறை எப்படி நடந்துகொள்வான் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அவர் குணத்தைவிட, அவரை அவமானப்படுத்தியவர்களின் மேல்தான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது.

டெம்பிள் செய்தவை மூன்று. முதலாவது, ஆள்குறைப்பு. அவர் சுற்றிவந்த மாவட்டங்களில் உண்மையான தேவை இல்லாதவர்கள் என்று சொல்லி லட்சக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கச் செய்தார். இரண்டாவது, கூலிக்குறைப்பு. ஓர் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலை, மேல்செலவுக்கு மிகச் சில காசுகள். பெண்களுக்கும் வேலைசெய்யும் சிறுவர்களுக்கும் அதிலும் குறைவு. மூன்றாவது தூரத் தேர்வு. உடம்பில் தெம்புள்ளவர்களுக்குத் தங்கள் வீட்டிலிருந்து 10 மைலுக்குள் வேலை கிடையாது. வேலை வேண்டுமென்றால் ஊரை விட்டுப் போய், வேலைத்தளத்திலேயே கிடக்க வேண்டும்.

இந்த மூன்றாவதை நம் வாசகர்கள் நின்று கவனிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், நாம் நூறு நாள் வேலை என்று சொல்வது, ஊரிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வேலை தர வேண்டும், அதற்கு மேல் போனால் 10 சதவீதம் கூடுதல் கூலி தர வேண்டும் என்று எழுதியது. அந்தச் சட்டத்தில் தூரம் என்பது தொழிலாளிக்கு ஈடுகட்ட வேண்டிய சிரமம். 1877இன் ஆணையில் அதே தூரம் ஒரு கருவி. ஆள் வராமல் இருக்கவே தூரம் வைத்தார்கள்.

தூரத் தேர்வுக்குப் பின்னால் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாகாணத்தில் மூன்று கோடிக்கு மேல் மக்கள். ஐரோப்பிய அதிகாரிகளோ மாவட்டத்துக்கு ஒரு கைப்பிடி. ஊரில் யாருக்குக் குதிரில் நெல் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது கிராம முன்சீப்புக்கும் கர்ணத்துக்கும்தான் தெரியும். அவர்கள் எழுதும் பட்டியலில் சொந்தக்காரர்களும், செத்துப்போனவர்களும், பிறக்காதவர்களும் இடம்பெறலாம். ஆகவே மனிதர் யாரும் தீர்மானிக்காமல் வேலையே தீர்மானிக்கட்டும் என்றார்கள். தூரமும் கடினமும் குறைந்த கூலியும் சேர்ந்து ஒரு சல்லடை ஆகும். உண்மையிலேயே பசித்தவன் மட்டும் அதில் தங்குவான். தானே இயங்கும் தேர்வு என்று இதை அதிகாரிகளின் மொழியில் சொன்னார்கள்.

சல்லடையில் தங்கியவன் யார் என்று பார்த்தால்தான் கோளாறு தெரியும். 10 மைல் நடக்க முடிந்தவன் தங்கினான். கைக்குழந்தையும் கிழவியும் வீட்டில் இல்லாதவன் தங்கினான். மிச்சமிருக்கும் ஒற்றை உழவு மாட்டை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று தவிக்கத் தேவையில்லாதவன் தங்கினான். மிகவும் பசித்தவன், மெலிந்தவன், பொறுப்புகளால் கட்டப்பட்டவன் ஓட்டை வழியே கீழே விழுந்தான். தேர்வு எதை அளப்பதாகச் சொல்லிக்கொண்டதோ, அதற்கு நேர் எதிரானதை அளந்தது.

அதோடு நம் மக்கள் உதவி கேட்டு ஓடோடி வருகிறவர்கள் என்ற கற்பனை வேறு. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், பஞ்சத்தில் ஒரு குடும்பம் எந்த வரிசையில் இறங்கும் என்று. முதலில் கடன். பிறகு வெண்கலப் பாத்திரம், நகை. பிறகு மாடு. பிறகு கூரையின் மரம். காட்டுக் கிழங்கையும் கீரையையும் தேடிப் போவது அதற்கும் பிறகு. மானம் விட்டுப் பஞ்ச வேலைக்கு வந்து நிற்கும் நேரத்தில் உடம்பில் பாதி போயிருக்கும். அந்த நிலையில் வந்தவனிடம் கல்லையும் சம்மட்டியையும் கொடுத்து, உன் பசியை மெய்ப்பித்துக் காட்டு என்றது அரசு.

இனி கார்னிஷிடம் வருவோம். இந்த வழக்கில் அவரளவுக்குப் பேசத் தகுதி பெற்றவர் அன்று மாகாணத்தில் வேறு யாரும் இல்லை என்று நினைக்கிறேன். சென்னை மாகாண மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று 1860களிலேயே ஆராய்ந்து எழுதியவர். 1871ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மாகாணத்தில் நடத்தி அதன் அறிக்கையை எழுதியவரும் அவரே. எந்த மாவட்டத்தில் எத்தனை பேர், என்ன சாதி, என்ன தொழில் என்பதெல்லாம் அவர் மேசையில் கடந்துபோன எண்கள். பசியால் சாகப்போகிறவர்களை ஏற்கெனவே ஒருமுறை எண்ணி வைத்திருந்த மனிதர்.

அவர் வாதத்தில் உருக்கம் குறைவு, உடற்கூறு அதிகம். ஒரு ராத்தல் அரிசியில் இன்றைய கணக்குப்படி ஏறத்தாழ 1,600 கலோரி இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்புக்கே அது இழுபறி. வெயிலில் கல் உடைக்கும் ஆணுக்கு மூவாயிரத்தை ஒட்டி வேண்டும். கலோரி என்ற கணக்கு அன்று நடைமுறையில் இல்லை. கார்னிஷ் வேறு வழியில் அதையே சொன்னார். சிறைகளில் கடுங்காவல் கைதிக்கு என்ன கொடுக்கிறோம் என்று பாருங்கள், திருடியவனுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகவா பஞ்சத்தில் உழைப்பவனுக்குக் கொடுப்பது என்று கேட்டார். தசையை வளர்க்கும் சத்து வெறும் தானியத்தில் போதாது, பருப்பு இல்லாமல் உழைக்கிற உடம்பு தன்னையே தின்னும் என்றார். எடை போட்டுப் பார்க்கச் சொன்னார். பட்டினியைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது, தராசில் மதிப்பிட வேண்டும் என்பது அவர் கட்சி.

டெம்பிள் விட்டுக்கொடுக்கவில்லை. எந்தச் சத்து எவ்வளவு வேண்டும் என்பதில் விஞ்ஞானிகளே இன்னும் ஒருமித்து முடிவுக்கு வரவில்லை, இது சோதித்துப் பார்க்கும் முயற்சி, பொதுப் பணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அவர் மறுமொழியின் சாரம். சோதனை என்ற சொல்தான் என்னை இன்றும் உறுத்துகிறது. சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் சேலத்திலும் பெல்லாரியிலும் கூடையோடு வரிசையில் நின்றிருந்த மனிதர்கள்.

கார்னிஷின் வாதத்தில் இன்னொரு முனை இருந்தது. நிதித் துறைக்காரர்களும் கேட்டிருக்க வேண்டிய முனை. குறைந்த கூலியில் கடும் வேலை வாங்கினால், இன்று உழைக்க முடிந்தவன் நாளை விழுவான். விழுந்தவனை நிவாரண முகாமில் படுக்க வைத்து இலவசமாகக் கஞ்சி ஊற்ற வேண்டிவரும். ஆகவே இந்தச் சிக்கனம் கருவூலத்துக்கே நஷ்டம். நடந்ததும் அதுவே. வேலைத்தளங்களிலிருந்து முகாம்களுக்கு எலும்புக்கூடுகளாக மக்கள் வந்து சேர்ந்தார்கள். இடையில் இன்னொரு விதியும் குறுக்கே நின்றது: இலவச உதவி பெற, ஒருவன் அடியோடு நொடித்துப்போய்விட்டான், சிறு வேலைக்கு மேல் செய்ய வலுவில்லை என்று சான்று வேண்டும். வலு இருந்தால் 10 மைல் தள்ளிக் கல் உடைக்க வேண்டும். வலு போன பிறகே கஞ்சித்தொட்டி. வலுவோடு இருக்கும்போதே காப்பாற்ற அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

மே மாதத்தில் கார்னிஷ் சொன்ன ஒரு கணக்கு நெஞ்சைப் பிசைகிறது. நிவாரண முகாம்களில் ஒரு மாதத்தில் இறந்தவர்களை ஆண்டுக் கணக்காக விரித்தால் சாவு விகிதம் 94 சதவீதம் வருகிறது. அந்த வேகம் நீடித்தால் ஆண்டு முடிவில் நூற்றில் ஆறு பேர் மிஞ்சுவார்கள். காலராவும் வயிற்றுப்போக்கும் என்று பதிவேட்டில் எழுதியிருக்கும். பட்டினியால் குடலின் உட்சவ்வே அழிந்துபோயிருந்ததை உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள் கண்டார்கள். பசி என்பது சாவின் காரணமாகப் பதிவேடுகளில் இடம்பெறுவதை அதிகாரிகள் என்றைக்குமே விரும்பியதில்லை.

பம்பாய் மாகாணத்தில் இதே ஒரு ராத்தல் கூலி வந்தபோது மக்கள் வேறு மாதிரி பதில் சொன்னார்கள். பல்லாயிரம் பேர் கூடையையும் மண்வெட்டியையும் போட்டுவிட்டு வேலைத்தளங்களை விட்டு வெளியேறினார்கள். புனா சார்வஜனிக் சபை அவர்கள் பக்கம் நின்று அரசுக்கு எழுதியது. பசித்தவர்களே நிவாரண வேலையைப் புறக்கணித்த அந்த நிகழ்ச்சி இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் இன்னும் பெரிதாக எழுதப்பட வேண்டியது. தமிழ் மாவட்டங்களில் அப்படி ஒரு சபை இல்லை. நம்மவர்களுக்காகப் பேச எஞ்சியிருந்தவர்கள் ஒரு மருத்துவரும், கொஞ்சம் பத்திரிகைக்காரர்களும்.

அவர்கள் பேச்சு அடியோடு வீணாகவில்லை. சில மாதங்களுக்குள் சென்னை அரசு கூலியை ஒன்றேகால் ராத்தல் தானியமும் ஒன்றரை அவுன்ஸ் பருப்புமாக உயர்த்தியது. கார்னிஷ் கேட்டதற்கும் டெம்பிள் கொடுத்ததற்கும் நடுவழி. டெம்பிள் அந்த ஆண்டே பம்பாயின் கவர்னராகப் போய்விட்டார். கால் ராத்தல் மீட்கப்பட்டது. அந்தக் கால் ராத்தலால் பிழைத்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

இந்த இடத்தில் ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. பஞ்சத்தில் வேலை கொடுப்பதே கொடுமை என்று நான் சொல்ல வரவில்லை. சென்னையில் பறக்கும் ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே கீழே பார்த்தால் கறுத்த நீரோடு ஒரு கால்வாய் தெரியும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கம் அதன் நீரிலேயே தூண்களை இறக்கி ரயில்பாதை போட்டிருக்கிறார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்த 8 கிலோமீட்டர் துண்டு 1877–78இல் பஞ்சக் கூலிகளின் கையால் வெட்டப்பட்டது. கவர்னரின் பெயரில் அதற்கு பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர். காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை நீளும் நீர்வழியின் ஒரு கண்ணி. ஒரு காலத்தில் அதில் விறகும் உப்பும் நெல்லும் படகில் போயின. வேலைக்கு ஒரு பயன் இருந்தது. தலைநகரின் கண்ணெதிரே நடந்ததால் மேற்பார்வையும் இருந்தது. அதே காலத்தில் மாவட்டங்களின் சாலையோரங்களில் உடைத்துக் குவித்த ஜல்லியை எண்ணிப் பாருங்கள். உடைப்பதற்காகவே உடைக்கச் சொன்னது. கால்வாய் வெட்டும்போது மனிதன் ஒன்றைக் கட்டுகிறான். தேர்வுக்காகக் கல் உடைக்கும்போது அவன் தன் பசிக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறான். இரண்டும் ஒரே நிவாரணப் பதிவேட்டில், ஒரே கூலியில் எழுதப்பட்டன.

தேர்வு வைக்காமல் சோறு போட்டவர்களும் அன்று இருந்தார்கள். வடலூரில் இராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு, அவர் 1874இல் மறைந்த பிறகும், தாது வருஷத்திலும் அணையவில்லை. சாதியோ ஊரோ கேட்காத பந்தி அது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி நடத்தினார். அதைக் கண்டு நெகிழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடினார். கும்மியாகவும் சிந்தாகவும் அந்தப் பஞ்சத்தைப் பாடியவர்கள் பலர். சிவகங்கைச் சீமைப் புலவர் வில்லியப்ப பிள்ளை பஞ்சத்தைக் குறித்து ஒரு முழு நூலே எழுதினார்.

ஆனால் பழைய தருமத்தைப் பொன்னாக்கிப் பேசவும் எனக்கு மனமில்லை. பல சத்திரங்களில் இலை போட்டது மேல்சாதியினருக்கு மட்டும். சேரியிலிருந்து வந்தவனுக்கு வாசலில்கூட இடமில்லை. பஞ்ச வேலைத்தளத்தில் அவனுக்குக் கூடை கிடைத்தது. பெயர் பதிவேட்டில் ஏறியது. அரசு உதவி என்ற ஒன்று வேண்டியிருந்ததன் காரணமே இதுதான். வடலூர் அடுப்பின் மனமும் அரசுப் பதிவேட்டின் அகலமும் ஒன்றாய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று சேரவில்லை.

1877 ஜூன், ஜூலையிலும் மழை வரவில்லை. பஞ்சத்தின் உச்சம் அதற்குப் பிறகுதான். ஆகஸ்ட் இறுதியில் லிட்டனே சென்னைக்கு வந்தார். முகாம்களைப் பார்த்தவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், அவை உல்லாசப் பயணம் போல இருக்கின்றன, வேலை எதுவும் செய்யாமல் மக்கள் கொழுத்துப்போயிருக்கிறார்கள் என்ற பொருளில் எழுதினார். அதே மாகாணத்தின் பஞ்ச மக்களை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. விலா எலும்புகளை எண்ணலாம். முழங்கால் மட்டும் பெரிதாக, தொடையே இல்லாத குழந்தைகள். கடிதத்தையும் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த நாளில் எனக்கு எழுதக் கை வரவில்லை. லிட்டன் பொய் சொன்னார் என்று நினைக்கவில்லை. உதவி வாங்குகிறவன் சோம்பேறி என்ற எண்ணத்தோடு பார்த்ததால், பட்டினியில் வீங்கிய உடம்பும் அவர் கண்ணுக்குக் கொழுத்த உடம்பாகத் தெரிந்திருக்கலாம்.

அவர் வந்ததன் விளைவு, முகாம்களில் இருந்தவர்களைப் பெரிய வேலைத்தளங்களுக்கு மாற்றும்படி மறுபடி ஓர் அழுத்தம். பம்பாயின் பொதுப்பணித் துறையிலிருந்து ஜெனரல் கென்னடி அதற்காகக் கொண்டுவரப்பட்டார்.

இதற்கிடையே சென்னை நகரவாசிகள் கூட்டம் போட்டு இங்கிலாந்து மக்களிடம் நேராக உதவி கேட்டார்கள். அதற்கான குழுவின் செயலாளராக நின்றவர் 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி; இந்தப் பஞ்சத்தின் வரலாற்றை 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதியவர். லிட்டனுக்கு இந்த வேண்டுகோள் பிடிக்கவில்லை. லண்டன் மேயர் திறந்த நிதியில் பல லட்சம் பவுண்டு சேர்ந்தது; கொடுத்தவர்களில் லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களும் உண்டு. அந்தப் பணத்தை எப்படிச் செலவிட்டார்கள் என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். விதை நெல் வாங்க, உழவு மாடு வாங்க, பிரித்து விற்ற கூரையை மறுபடி வேய. ஊரிலேயே, அவரவர் வீட்டு வாசலிலேயே கொடுத்தார்கள். மழை வந்ததும் விதைக்க ஒருவனுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்தார்கள். யாரையும் 10 மைல் நடக்கச் சொல்லவில்லை.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் மழை பெய்தது. மழையோடு மலேரியா வந்து, பஞ்சம் மிச்சம் வைத்தவர்களையும் கொண்டுபோனது. பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருப்பார்கள் என்று அரசின் ஆணையமே பின்னர் மதிப்பிட்டது. சேலம் மாவட்டத்தில் (இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதனுள் அடக்கம்) 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். அது கார்னிஷ் எண்ணிய எண். 1881இல் எண்ணியபோது 16 லட்சம்கூட முழுதாக இல்லை. இறந்தவர்கள் போக, இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தும் தோணியேறியும் போனவர்களும் இந்தக் குறைவில் அடக்கம். கண்டிச் சீமைக்குப் போன அந்தத் தலைமுறையில் பலர், 10 மைல் தூரத்தில் கல் உடைப்பதற்குக் கடல் தாண்டுவதே மேல் என்று கருதிப் போனவர்களாக இருக்கலாம். இது என் ஊகம். வேறு வழி இல்லாதவர்கள் போனார்கள் என்பதில் மட்டும் ஐயமில்லை.

பஞ்சம் ஓய்ந்ததும் ஆணையம் அமைத்தார்கள். தலைவர் ஜெனரல் ரிச்சர்ட் ஸ்டிரேச்சி. லிட்டனின் நிதியமைச்சராக இருந்த ஜான் ஸ்டிரேச்சியின் உடன்பிறந்தவர். 1880இல் அறிக்கை வந்தது. அதன் வழியே 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. பஞ்சத்தில் மக்களைக் காப்பது அரசின் பொறுப்பு என்பதை அது எழுத்தில் ஒப்புக்கொண்டது. உழைப்பவனின் உடல்நலம் கெடாத அளவுக்குக் கூலி இருக்க வேண்டும், உழைக்க முடியாதவர்களுக்கு ஊரிலேயே உதவி வேண்டும் என்றது. கார்னிஷின் தராசு ஓரளவு வென்றது என்றே கொள்ளலாம். ஆனால் வேலையே தேர்வு என்ற பழைய கணக்கு மட்டும் அறிக்கையின் நடுவே அசையாமல் நின்றது.

ஆணையத்தின் உறுப்பினர்களில் இருவர் அதில் முழுமனதோடு சேரவில்லை. ஒருவர் ஸ்காட்லாந்து வேளாண்மை வல்லுநர் ஜேம்ஸ் கெயர்டு. மற்றவர் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்து இந்தப் பஞ்சத்தை அருகிலிருந்து கண்ட எச். இ. சல்லிவன். உழைப்பைத் தேர்வாக வைத்து நிவாரணத்தை நடத்தும் முறையை ஏற்காமல் அவர்கள் தனியாக ஒரு மறுப்புக் குறிப்பு எழுதிச் சேர்த்தார்கள். அந்தக் குறிப்பையும், அது ஏன் அலமாரியிலேயே கிடந்தது என்பதையும் அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்கிறேன்.